கிரேடு எழுதாம "எஸ்எஸ் பைப்"னு மட்டும் ஆர்டர் போட்டதுல எனக்கு போன 23,650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)

இது 2022ல நடந்தது, இத்தனை நாள் கழிச்சு இப்பதான் உக்காந்து எழுத மனசு வந்துச்சு. போன வாரம் எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பி புதுசா கேட், ரெய்லிங் வேலை எடுத்து செய்யப் போறேன்னு கேள்வி கேக்க வந்தாரு, அவர் கையில இருந்த கோட்டேஷன்லயும் "எஸ்எஸ் பைப்"னு மட்டும்தான் இருந்துச்சு, எஸ்எஸ்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆனா எந்த கிரேடு, அதாவது எந்த உலோகக் கலவை வகைன்னு அதுல இல்ல. அதைப் பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு. எனக்கு அன்னைக்கு யாராவது ஒரு அஞ்சு நிமிஷம் சொல்லியிருந்தா ஒரு வருஷ தூக்கம் போயிருக்காது, அதனால நடந்தத நடந்தபடியே சொல்றேன், பணக் கணக்கோட.

எங்க அப்பாவுக்கு சிங்கப்பூர்ல சுங்கை காடுட் பக்கம் சின்ன பட்டறை, கேட், ரெய்லிங், படிக்கட்டு கைப்பிடி இதெல்லாம் செஞ்சு மாட்டிக் கொடுக்குற சப்-கான்ட்ராக்ட் வேலை. 2022 ஜனவரில அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் குழறிப் போச்சு. நான் அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷம் கப்பல் சரக்கு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாத்தவ, எனக்கு இன்வாய்ஸ் தெரியும் இரும்பு தெரியாது. ஆனா பட்டறையில நாலு பேரு சம்பளம் இருக்கு, கையில எடுத்த வேலை பாதியில நிக்குது, தம்பி ஆஸ்திரேலியால படிச்சிட்டு இருக்கான், வேற ஆள் இல்ல. வேலைய விட்டுட்டு பட்டறைக்கு வந்தேன். அங்க பட்டுக்கோட்டை பக்கத்துல இருந்து வந்த ஒரு அண்ணன் அப்பாகூட 17 வருஷமா வெல்டிங் பண்றாரு, என்னை தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு, அவர் இருக்காருங்குற ஒரே தைரியம்தான்.

நானே பேசி எடுத்த முதல் வேலை, கிழக்குப் பக்கம் கடலோரத்துல ஒரு கட்டடம், நீச்சல் குளத்த சுத்தியும் அதுக்கு பக்கத்துல கூரை போட்ட நடைபாதையிலயும் சேத்து 62 மீட்டர் ரெய்லிங். மொத்தம் 38,000 வெள்ளி. எல்லா செலவும் போக ஒரு ஆறாயிரம் நிக்கும்னு கணக்கு போட்டு வச்சிருந்தேன். அது எந்த நேரம்னா, 2022 மார்ச் 8ம் தேதி லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச்ல நிக்கல் விலை டன்னுக்கு 1 லட்சம் அமெரிக்க டாலர தாண்டி, அவங்க வியாபாரத்தையே நிறுத்தி வச்சாங்கல்ல, அந்த நேரம். ஸ்டெயின்லெஸ் பைப்ல நிக்கல் இருக்குன்னே எனக்கு அப்பதான் தெரியும். வழக்கமா அப்பா வாங்குற கடையில விலை கேட்டா தலை சுத்துது, அதுவும் இந்த விலை ரெண்டு நாளுக்குதான்னு சொன்னாங்க. நாலு இடத்துல கேட்டேன், ஒருத்தர் மட்டும் மத்தவங்கள விட மூணுல ஒரு பங்கு கம்மியா சொன்னாரு. கிரேடு என்னன்னு கேட்டேன், "த்ரீ நாட் ஃபோர்தான் மேடம், எல்லாரும் இதான் போடுறாங்க"ன்னு போன்ல சொன்னாரு, அதாவது 304ங்குற கிரேடு. போன்லதான், எழுத்துல இல்ல, இத ஞாபகம் வச்சுக்கங்க. நான் அனுப்புன பிஓல, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர்ல, "எஸ்எஸ் பைப் 50.8 x 1.5, 6 மீட்டர்"னு எழுதி எத்தனை லெங்த் வேணும்னு போட்டு கையெழுத்து வச்சேன், அவ்வளவுதான். இன்னொரு தப்பும் அங்கயே நடந்துடுச்சு, கடலோரம்னா 304 கூட பத்தாதுன்னு எனக்கு தெரியல, மெயின் கான்ட்ராக்டரோட பேப்பர்லயும் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஹேர்லைன் ஃபினிஷ்"னு மட்டும்தான் இருந்துச்சு, நானும் கேக்கல அவங்களும் சொல்லல.

பைப் வந்தப்ப நல்லா பளபளன்னு பிளாஸ்டிக் உறை போட்டு, உறை மேல 304னு ஸ்டிக்கர் ஒட்டி வந்துச்சு. நான் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்து காந்தம் எடுத்துட்டுப் போய் வச்சுப் பாத்தேன், ஒட்டல. ஒட்டலன்னா நல்ல ஸ்டெயின்லெஸ்னு யாரோ சொன்னது மனசுல இருந்துச்சு, நிம்மதியா கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன். ரெண்டாவது நாளே அண்ணன் வந்து சொன்னாரு, "தங்கச்சி, இந்த பைப் ஒரு மாதிரி முறுக்கா இருக்கு, வளைச்சா திரும்பி வருது, ட்ரில் பிட்டும் சீக்கிரம் மழுங்குது, அப்பா வாங்குறது மாதிரி இல்ல"ன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, புது கடைண்ணே, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், தேதிக்குள்ள முடிங்கன்னு சொன்னேன். அந்த ஒரு நிமிஷம் இன்னமும் உறுத்துது. கையில உலோகத்த பிடிச்சு 17 வருஷம் வேலை செஞ்ச மனுஷன் ஒரு பொருள் வேற மாதிரி இருக்குன்னு சொன்னா, அங்கயே வேலைய நிறுத்திட்டு என்னன்னு பாக்கணும்.

ஜூன் மாசம் மாட்டி முடிச்சோம், அழகா இருந்துச்சு, போட்டோ எடுத்து ஆஸ்பத்திரியில அப்பாகிட்ட காட்டினேன், அவரு இடது கைய தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி வச்சாரு. சரியா ஏழு வாரம் கழிச்சு, ஒரு திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு மெயின் கான்ட்ராக்டர் ஆள்கிட்ட இருந்து பதினாறு போட்டோ. கூரைக்கு கீழ இருந்த ரெய்லிங் முழுக்க டீ சிந்தின மாதிரி காவி நிறக் கறை, வெல்டிங் சுத்தி கறுப்பா புள்ளி புள்ளியா. நான் டெக்கா மார்க்கெட்ல மீன் வாங்க நின்னுட்டு இருந்தேன், அப்படியே பைய கீழ வச்சுட்டு உக்காந்துட்டேன். பட்டறைக்குப் போய் அண்ணனைத்தான் முதல்ல திட்டினேன், மத்தவங்க முன்னாடி, வெல்டிங் ஒழுங்கா பண்ணலன்னு. அவரு பதில் பேசல. எனக்கு அது வலிக்கணும்னே இப்ப இதை எழுதுறேன்.

முதல்ல பண்ணது முழு முட்டாள்தனம்னு இப்ப தெரியுது. நாலு பேரை அனுப்பி பாலிஷ் போட்டு தேய்க்க சொன்னேன், கறை போகலைன்னு ஒருத்தர் சாதா இரும்பு நாரு வாங்கி தேய்ச்சுட்டாரு. ஸ்டெயின்லெஸ் மேல சாதா இரும்புத் துகள் பதிஞ்சா அந்த துகள் முதல்ல துருப்பிடிக்கும், அப்புறம் அது இருக்குற இடத்துல அடியில இருக்குறதும் கெடும், அதனால ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஸ்டெயின்லெஸ் பிரஷ்தான், இல்ல நைலான் பேடுதான். இதே கதைதான் கிரைண்டிங் டிஸ்க்குக்கும், பட்டறையில சாதா இரும்பு கேட்டுக்கு போட்ட டிஸ்க்க எடுத்து ஸ்டெயின்லெஸ்ஸுக்கு போடக்கூடாது, பக்கத்துல இரும்பு வெட்டி பொறி பறந்து வந்து ஸ்டெயின்லெஸ் மேல விழறது கூட கெடுதல். நாங்க அந்த மாசம் இட நெருக்கடியில ரெண்டையும் ஒரே மேசையில வெட்டியிருக்கோம். பத்து நாள்ல திரும்ப கறை, அந்த சுத்தம் பண்ற கூத்துக்கு போனது 1,300 வெள்ளி.

அப்புறம் ஒருத்தர் சொல்லி பிக்ளிங் பேஸ்ட் போட்டோம். வெல்டிங் பண்ணும்போது பக்கத்துல வைக்கோல் நிறம், நீல நிறம்னு வானவில் மாதிரி ஒரு வட்டம் வரும்ல, அது அழகுக்கு இல்ல, அந்த இடத்துல மேல்தோல்ல குரோமியம் கொறஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஸ்டெயின்லெஸ்ஸ காப்பாத்துறதே குரோமியம்தான், குறைஞ்சது 10.5 சதவீதம் இருந்தா காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து மேல ஒரு ஆக்சைடு படலம் தானா உண்டாகும், சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது, கீறல் விழுந்தாலும் தானா திரும்ப மூடிக்கும். அந்த வானவில்ல எடுக்காம விட்டா அங்க படலம் சரியா வராது, துரு அங்கதான் ஆரம்பிக்கும். பேஸ்ட் அத எடுத்துடும். ஆனா அந்த பேஸ்ட்ல நைட்ரிக் ஆசிட்டோட ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கு, தோல்ல பட்டா முதல்ல எரிச்சல் கூட பெருசா தெரியாம உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் போற சாமான் அது. ஆசிட்டுக்குன்னு இருக்குற கிளவுஸ், முகத்துக்கு ஷீல்டு, பக்கத்துலயே கால்சியம் குளுகோனேட் ஜெல், இது இல்லாம யாரையும் தொட விடாதீங்க, கழுவுன தண்ணிய அப்படியே கால்வாயில விடாதீங்க. நீச்சல் குளத்துக்குப் பக்கத்துல இதெல்லாம் செய்யறது எவ்வளவு பாடுன்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும், இரவு நேரத்துலதான் விட்டாங்க.

பேஸ்ட் போட்டு கழுவுனதும் புதுசு மாதிரி ஆயிடுச்சு. மூணு வாரம் கழிச்சு மறுபடியும் போட்டோ. இங்கதான் எனக்கு விஷயம் விளங்க ஆரம்பிச்சது, ஏன்னா மேல ஒட்டுன இரும்புத் துகளால வர்ற துருன்னா ஒழுங்கா ஒரு தடவை எடுத்துட்டா திரும்ப வரக்கூடாது. வெல்டே இல்லாத, டிஸ்க்கே படாத நடு பைப்ல கூட கறை வந்தா பொருள்லயே கோளாறுன்னு அர்த்தம். ஆனா இத சொல்ல எனக்கு ரெண்டு மாசமும் ஏகப்பட்ட பணமும் ஆச்சு. இதை முதல்ல செஞ்சிருக்கணும்: உலோகத்த சோதிக்கிற ஒரு இடத்துல சொல்லி கையில பிடிக்கிற எக்ஸ்ஆர்எஃப் மிஷின் வச்சிருக்குற இன்ஜினியர வரவச்சேன், துப்பாக்கி மாதிரி இருக்கும், பைப் மேல வச்சு அழுத்துனா சில நொடியில என்ன உலோகம் எத்தனை சதவீதம்னு திரையில வந்துடும், பைப்ப வெட்டவே வேணாம். அரை நாளுக்கும் ரிப்போர்ட்டுக்கும் சேத்து 900 வெள்ளி. வந்த எண்ண நான் மனப்பாடமா வச்சிருக்கேன், குரோமியம் 13.6, நிக்கல் 1.1, மாங்கனீஸ் 9.8. அவரு திரையப் பாத்துட்டு என்னைப் பாத்தாரு, "இது 304 இல்லம்மா, 201 கூட இல்ல, அதுக்கும் கீழ"ன்னாரு.

அவரு சொல்லித் தந்தத இங்க சுருக்கமா வைக்கிறேன். 304ன்னா குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8. 316ன்னா குரோமியம் 16லிருந்து 18, நிக்கல் 10லிருந்து 14, கூட மாலிப்டினம் 2லிருந்து 3 சதவீதம், அந்த மாலிப்டினம்தான் உப்புக்கு எதிரா நிக்கிறது, கடலோரத்துக்கு 316 கேக்குறதே அதுக்குத்தான். 201ன்னா நிக்கல 3.5லிருந்து 5.5க்கு குறைச்சுட்டு அந்த இடத்துல மாங்கனீஸ 5.5லிருந்து 7.5 போடுவாங்க, நிக்கல் கிடைக்காத காலத்துல அத மிச்சம் பிடிக்க வந்த வகை இது. தப்பான உலோகம் இல்ல, உள்ள காஞ்ச இடத்துல, அலமாரி பிடிக்கு, அலங்கார சாமானுக்கு போடலாம், உப்புக் காத்துல நிறுத்துறதுதான் தப்பு. காந்தம் ஏன் ஏமாத்துச்சுன்னா, காந்தம் ஒட்டறதும் ஒட்டாததும் உள்ள இருக்குற படிக அமைப்பப் பொறுத்தது, துருப்பிடிக்காத குணத்தப் பொறுத்தது இல்ல. நிக்கல் அந்த ஒட்டாத அமைப்ப தரும், மாங்கனீஸும் நைட்ரஜனும் சேந்தும் அதையே தரும். அதனால 201, 304, 316 மூணுமே காந்தத்துக்கு ஒட்டாது, ஆனா நல்ல 304ஐயே வளைச்ச இடத்துல லேசா ஒட்டும். காந்தம் வச்சு 430 மாதிரி நிக்கல் இல்லாத வகைய வேணா கண்டுபிடிக்கலாம், அதுக்கு மேல அத நம்பாதீங்க. எக்ஸ்ஆர்எஃப்புக்கும் ஒரு குறை இருக்கு, அதால கார்பன பாக்க முடியாது, அதனால 316ஆ, இல்ல கார்பன் குறைஞ்ச 316எல்லான்னு அது சொல்லாது, அதுக்கு வேற சோதனை வேணும்.

எனக்கு ஆச்சரியமா இருந்த இன்னொன்னு, மழையில நனையுற குளத்தோரத்து ரெய்லிங் கொஞ்சம் பரவாயில்லாம இருந்துச்சு, கூரைக்கு கீழ பத்திரமா இருந்ததுதான் நாசம். நான் நேர்மாறா நினைச்சிருந்தேன். கடல் காத்துல வர்ற உப்பு ரெண்டு இடத்துலயும்தான் படியுது, வெளிய இருக்குறத மழை கழுவி விட்டுடும், கூரைக்கு கீழ கழுவ ஆள் இல்ல, நம்ம ஊர்ல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, அந்த உப்பு எப்பவும் ஈரமாவே ஒட்டிட்டு இருக்கும். அதுக்கு மேல, அங்க துப்புரவு பண்றவங்க தரை டைல்ஸ் கழுவ ஆசிட் ஊத்தியிருக்காங்க, ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அது தெறிச்ச கம்பத்து அடியெல்லாம் இன்னும் மோசம். அதனால இப்பல்லாம் வேலை முடிச்சு கொடுக்கும்போது ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துடறேன், ஆசிட்டும் பிளீச்சும் கிட்ட கொண்டு வராதீங்க, கூரைக்கு கீழ இருக்குறத சோப்புத் தண்ணி வச்சு துடைச்சு நல்ல தண்ணில கழுவுங்க, 316ஆ இருந்தாலும்னு. ஃபினிஷும் முக்கியம், கோடு ஆழமா இருக்குற கரடு முரடான ஹேர்லைன் உப்ப பிடிச்சு வச்சுக்கும், வழவழன்னு இருந்தா சீக்கிரம் கழுவிடும்.

அந்த இன்ஜினியர் கிளம்பும்போது குனிஞ்சு கம்பத்து அடிய பாத்து இன்னொன்னு காட்டினாரு. செலவ குறைக்க நான் அடியில அலுமினிய பிராக்கெட் வாங்கியிருந்தேன், போல்ட் ஸ்டெயின்லெஸ். போல்ட் சுத்தி வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்துச்சு. ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுகிட்டு நடுவுல உப்புத்தண்ணி இருந்தா அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், ரெண்டுல எது இளிச்சவாயோ அது கரையும், இங்க அலுமினியம்தான் கரையுது. அதுவும் பெரிய ஸ்டெயின்லெஸ் கம்பம் சின்ன அலுமினிய பிராக்கெட்டுல உக்காந்தா இன்னும் வேகமா கரையும். நியூயார்க்ல 1886ல திறந்த சுதந்திர தேவி சிலைக்கே இதான் நடந்துச்சாம், வெளிய செம்புத் தகடு, உள்ள இரும்புச் சட்டம், நடுவுல அரக்குல நனைச்ச ஆஸ்பெஸ்டாஸ் வச்சிருந்தாங்க, அது நாளடைவுல கெட்டு இரும்பு துருப்பிடிச்சு, 1984லிருந்து 86 வரைக்கும் நடந்த சீரமைப்புல அந்த இரும்புப் பட்டையெல்லாம் மாத்திட்டு 316எல் ஸ்டெயின்லெஸ் போட்டாங்க. எங்க அப்பா தைப்பூசத்துக்கு தெரிஞ்சவங்களுக்கு காவடிச் சட்டம் செஞ்சு கொடுப்பாரு, கனம் தெரியக்கூடாதுன்னு அலுமினியத்துலதான், இரும்புல மூணுல ஒரு பங்கு எடைதான் வரும். அதுல ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுற இடத்துல எல்லாம் அவரு ஒரு வெள்ளை நைலான் வாஷர் சொருகுவாரு, சின்ன வயசுல பக்கத்துல உக்காந்து அந்த வாஷர எண்ணிக் கொடுத்தது நான். ஏன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

விற்றவர்கிட்ட போனேன். ரிப்போர்ட்ட மேசையில வச்சேன். அவரு ரொம்ப அமைதியா என் பிஓவ எடுத்துக் காட்டினாரு, டிஓவ, அதாவது சரக்கோட வந்த டெலிவரி ஆர்டர காட்டினாரு, இன்வாய்ஸ காட்டினாரு, மூணுலயும் "எஸ்எஸ் பைப்". "நீங்க எஸ்எஸ் கேட்டீங்க, நான் எஸ்எஸ் கொடுத்தேன்"னாரு. 304னு போட்ட ஸ்டிக்கர்? பிளாஸ்டிக் உறையோட குப்பைக்குப் போயிடுச்சு, ஒரு போட்டோ கூட நான் எடுத்து வைக்கல. சின்னத் தொகை வழக்க பாக்குற ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனல்ல 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும்னு தெரிஞ்சு, சமூக மன்றத்துல நடக்குற இலவச சட்ட ஆலோசனைக்கு ஒரு ராத்திரி போய் உக்காந்தேன். அந்த வக்கீல் அம்மா எல்லாத்தையும் பொறுமையா படிச்சுட்டு, கிரேடு எழுதுன ஒரு பேப்பராவது, ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது இருக்கான்னு கேட்டாங்க. இல்ல. போன்ல பேசுனது மட்டும்தான். வழக்கு போடலாம், ஆனா கஷ்டம்னு நேர்மையா சொன்னாங்க. நான் போடல, அப்ப எனக்கு அதுக்கு தெம்பும் இல்ல. ஒம்பது வருஷம் பேப்பர் பாத்த எனக்கு பேப்பராலயே இது நடந்ததுதான் தாங்க முடியல, எம்ஆர்டி ரயில்ல வரும்போது முகத்த ஜன்னல் பக்கம் திருப்பிகிட்டு அழுதேன்.

மறுபடி முழுசா செய்றதுன்னு முடிவு பண்ணினேன், அப்பா பேர்ல இருக்குற கம்பெனி, ஓடி ஒளிய முடியாது. அதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட போய் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன். அவரு "விடுங்க தங்கச்சி, அப்பாவுக்கும் ஒரு தடவை இப்படி ஆச்சு, 2008ல"ன்னாரு. அப்பா எனக்கு சொன்னதே இல்ல. கழட்டப் போனா போல்ட் கழலல, ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் இறுக்கும்போதே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகிடும், மாட்டும்போதே ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவி, மெதுவா கையால இறுக்கியிருக்கணும், நாங்க இம்பாக்ட் கன்ல அடிச்சு விட்டிருந்தோம். ஒண்ணரை நாள் போல்ட்ட வெட்டுறதுலயே போச்சு. புதுசுக்கு 316 பைப்பு, 316எல் ஃபில்லர் கம்பி, வெல்டு பண்ணும்போது பைப்புக்கு உள்ளயும் ஆர்கான் விட்டோம், தனி மேசை, தனி டிஸ்க். முதல் தடவை 12 மீட்டர் நேர் ஓட்டத்த இடைவெளியே விடாம வெல்டு பண்ணி மத்தியான வெயில்ல லேசா நெளிஞ்சிருந்துச்சு, ஸ்டெயின்லெஸ் சாதா இரும்ப விட அதிகமா விரியும், 30 டிகிரி வித்தியாசத்துக்கு 12 மீட்டர்ல 6 மில்லிமீட்டர் நீளும், அதனால இந்த தடவை நடுவுல நீண்டு சுருங்க இடம் விடுற ஸ்லீவ் ஜாயின்ட் வச்சோம்.

கணக்கு இதுதான். பைப்பும் சாமானும் 11,200, சம்பளமும் ஓவர்டைமும் 7,400, லோரி, தடுப்பு, இரவு வேலை செலவு 2,100, சோதனை 900, முதல்ல வீணா தேய்ச்சது 1,300, மெயின் கான்ட்ராக்டர் எங்களுக்கு தராம பிடிச்சு வச்ச ரிட்டென்ஷன் பணம் 1,900 தாமதத்துக்குன்னு கழிச்சுட்டாங்க. பழைய பைப்ப கழிவுக்கு போட்டதுல 1,150 வந்துச்சு, நிக்கல் கம்மியான சரக்குன்னு அதுக்கும் அடிமாட்டு விலைதான். நிகரம் 23,650 வெள்ளி. பைப் வாங்கும்போது நான் "மிச்சம்" பிடிச்சது 2,600 வெள்ளி. என் சேமிப்பும் அம்மாவோட ரெண்டு வளையலும் போச்சு, அம்மாகிட்ட வளையல கேட்ட நாள் பத்தி எழுத வேணாம்.

இப்ப நான் வாங்குற விதத்த சொல்றேன். கோட்டேஷன் கேக்கும்போதே கிரேடு, அளவு, தடிமன், ஃபினிஷ், மில் சர்டிஃபிகேட் (ஆலை கொடுக்குற சான்றிதழ்) வேணும்னு எழுதிடுவேன், பிஓலயும் அதே வரி, டிஓலயும் அதே வரி வரலன்னா இறக்க விடமாட்டேன். மில் சர்டிஃபிகேட்ல ஒரு ஹீட் நம்பர் இருக்கும், எந்த உலையில எந்த ஊத்துல வந்துச்சுன்னு அடையாளம், அந்த நம்பர் பைப் மேலயோ கட்டு மேல தொங்குற அட்டையிலயோ இருக்கணும், ரெண்டும் பொருந்தணும். வெறும் சர்டிஃபிகேட்ட யாரு வேணா போட்டோகாப்பி எடுத்து நூறு லோடுக்கு கொடுக்கலாம், பொருந்துறதுதான் விஷயம். உறைய பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுப்போம், ஸ்டிக்கரும் ஹீட் நம்பரும் தெரியுற மாதிரி. அப்புறம் தராசு. 50.8 மில்லி பைப் 1.5 மில்லி தடிமன்ல 6 மீட்டர் லெங்த் ஒண்ணு சுமார் 11 கிலோ வரணும், 1.2 மில்லின்னா சுமார் 8.9 கிலோதான் வரும், 1.5னு சொல்லி 1.2 கொடுக்குறது சகஜமா நடக்குது, முனையில மட்டும் காலிபர் வச்சு பாக்காதீங்க, எடை பொய் சொல்லாது. போல்ட்டுல தலையில ஏ2ன்னு இருந்தா 304 வகை, ஏ4ன்னு இருந்தா 316 வகை, தலையில ஒண்ணுமே இல்லன்னா வெளி வேலைக்கு வாங்காதீங்க. மாலிப்டினம் இருக்கா இல்லையான்னு பாக்க சொட்டு மருந்து மாதிரி டெஸ்ட் கிட் கிடைக்குது, சின்ன பேட்டரியோட வரும், சின்ன வேலைக்கு அது போதும், பெரிய வேலைக்கு காசு கொடுத்து எக்ஸ்ஆர்எஃப் மிஷின வரவைங்க, பைப்ப வெட்டுறதுக்கு முன்னாடி.

அதுக்காக எல்லாத்துக்கும் 316னு ஓடாதீங்க. வீட்டுக்குள்ள, சாப்பாட்டுக் கடை மேசைக்கு, லிஃப்ட் பக்கத்து கைப்பிடிக்கு 304 தாராளம், கடல விட்டு தள்ளி இருக்குற கேட்டுக்கு ஹாட் டிப் கால்வனைசிங் பண்ணுன, அதாவது உருக்கின துத்தநாகத்துல முக்கி எடுத்த சாதா இரும்பே நிக்கும். இன்னொரு பக்கம், 316 கூட பத்தாத இடமும் இருக்கு. மூடுன நீச்சல் குளத்து கூரையில எடைய தாங்கித் தொங்குற கம்பின்னு யாராவது வேலை கொடுத்தா தயவு செஞ்சு இன்ஜினியர் இல்லாம தொடாதீங்க. சுவிட்சர்லாந்துல ஊஸ்டர்ங்குற ஊர்ல 1985 மே மாசம் ஒரு நீச்சல் குளத்து கான்கிரீட் கூரையே விழுந்து 12 பேர் செத்துப் போனாங்க, அதை தாங்குன ஸ்டெயின்லெஸ் கம்பிங்க குளோரைடால உள்ளுக்குள்ள விரிசல் விட்டு அறுந்துச்சு. என்னோட கறை கண்ணுக்கு தெரிஞ்சுச்சு, பணத்தோட போச்சு, அந்த மாதிரி விரிசல் பெருசா துரு காட்டாமலே வரும். இத படிச்ச ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

அப்பாகிட்ட பல மாசம் எதுவும் சொல்லல. 2023 தைப்பூசத்துக்கு முன்னாடி அவரு வாக்கர் பிடிச்சு பட்டறைக்கு வந்தாரு, மூலையில கிடந்த பழைய பைப் துண்ட பாத்து இடது கையால தடவிப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். குழறலோட ரெண்டு வார்த்தைதான் கேட்டாரு, "ஹீட் நம்பர்?" பாக்கலப்பான்னேன். தலைய ஆட்டிட்டு உக்காந்தாரு, அன்னைக்கு முழுக்க வேற எதுவும் பேசல, ஆனா சாயந்திரம் வரைக்கும் போகவும் இல்ல.

அந்த ரெய்லிங்க இன்னமும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானும் அண்ணனும் போய் பாத்துட்டு வர்றோம், காசு வாங்கறதில்ல. கடைசியா போனப்ப கூரைக்கு கீழ ரெண்டு வெல்டுக்கு அடியில மட்டும் லேசா டீக்கறை, துணியில துடைச்சதும் போயிடுச்சு, ஒரு நைலான் வாஷர் வெடிச்சிருந்துச்சு, மாத்திட்டு வந்தோம். பட்டறை வாசல்ல தராசு இருக்கு. லோரி வந்தா டிரைவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அண்ணன் முதல்ல ஒரு பைப்ப உருவி எடுத்து அதுல வைப்பாரு, எண்ண சத்தமா படிப்பாரு, உள்ள இருந்து நான் டிஓல எழுதிக்குவேன்.